வெள்ளச் சேதத்துக்கு யார் பணம் கொடுக்க வேண்டும்? 37,907 கோடிக்கும் 276 கோடிக்கும் இடையில் நடந்தது என்ன?

கேள்வி இது: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கும் தென்மாவட்ட வெள்ளத்துக்கும் சேர்த்துத் தமிழ்நாடு 37,907 கோடி ரூபாய் கேட்டது. மத்திய அரசு விடுவித்தது 276 கோடி. மாநிலம் வஞ்சிக்கப்பட்டது என்கிறார்கள் ஒரு தரப்பார். கொடுத்த பணத்துக்கே கணக்கு இல்லை என்கிறார்கள் இன்னொரு தரப்பார். யார் சொல்வது சரி? இந்தச் செலவு உண்மையில் யாருடையது?

இரண்டு தொகையும் பொய்யில்லை. ஆனால் இரண்டும் ஒரே பொருளின் விலை அல்ல. 37,907 கோடி என்பது உடனடி நிவாரணம், பாலம், சாலை, மின்கம்பம், குடிநீர்த் திட்டம் எல்லாவற்றையும் நிரந்தரமாகச் சீரமைக்க ஆகும் செலவு. 276 கோடி என்பது டெல்லியில் அச்சிட்டு வைத்திருக்கும் ஒரு விலைப்பட்டியலின்படி, உடனடி நிவாரணத்துக்கு மட்டும் கணக்குப் போட்டு, அதிலும் கழிவு போக மிஞ்சியது. நடுவில் இருக்கும் பெரும்பள்ளத்தை இரண்டு அரசுகளுமே முழுதாக நிரப்பவில்லை. அதில் பெரும்பங்கைத் தாங்கியவர்கள் ஏரல் கடைக்காரரும் ஸ்ரீவைகுண்டம் விவசாயியும் பள்ளிக்கரணையில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தவரும்தான். அரசியல் சண்டையில் இந்தப் பங்கு பேச்சுக்கே வருவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

முதலில் அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். மாநிலம் இரண்டு மனுக்கள் கொடுத்தது: மிக்ஜாமுக்கு 19,692.69 கோடி, தென்மாவட்டங்களுக்கு 18,214.52 கோடி. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி இரண்டு நிதிகள் உண்டு. 48ஆம் பிரிவின்படி மாநில நிதி, எஸ்.டி.ஆர்.எஃப். 46ஆம் பிரிவின்படி தேசிய நிதி, என்.டி.ஆர்.எஃப். மாநில நிதிக்கு ஆண்டுதோறும் எவ்வளவு என்பதை நிதிக்குழு முன்கூட்டியே நிர்ணயித்துவிடும். அதில் மத்திய அரசின் பங்கு 75 சதவீதம், மாநிலத்தின் பங்கு 25. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு மட்டும் 90க்கு 10. தமிழ்நாட்டுக்கு 2023-24இல் இது 1,200 கோடி, அதில் மத்தியப் பங்கு 900 கோடி, இரண்டு தவணையாக. புயல் வந்தாலும் வராவிட்டாலும் வரவேண்டிய பணம் இது.

ஆகவே, டிசம்பரில் "தமிழ்நாட்டுக்கு 900 கோடி கொடுத்துவிட்டோம்" என்று மத்திய நிதியமைச்சர் சொன்னது உண்மை. "அது எங்கள் வருடாந்திர உரிமை, வெள்ளத்துக்காகத் தந்ததல்ல" என்று மாநிலம் சொன்னதும் உண்மை. 2024இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு 944.80 கோடி அறிவிக்கப்பட்டபோதும் இதே கதைதான். அதுவும் அந்த ஆண்டின் இரு தவணைகள். ஃபெஞ்சலுக்கென்று தேசிய நிதியிலிருந்து ஒப்புதலான 522.34 கோடி 2025 ஏப்ரலில்தான் வந்தது. இனிமேல் "இத்தனை கோடி விடுவிப்பு" என்று செய்தி பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது: இது எஸ்.டி.ஆர்.எஃப் தவணையா, என்.டி.ஆர்.எஃப் கூடுதல் உதவியா?

கூடுதல் உதவி வரும் பாதை நீளமானது. பல அமைச்சகங்களைச் சேர்ந்த மத்தியக் குழு வந்து பார்க்கும். மாநிலம் மனு கொடுக்கும். தேசிய செயற்குழுவின் துணைக்குழு பட்டியல் விலையில் கணக்குப் போடும். உள்துறை அமைச்சர் தலைமையிலான உயர்மட்டக் குழு ஒப்புதல் தரும். மிக்ஜாமுக்கு 285.54 கோடி, தென்மாவட்டத்துக்கு 397.13 கோடி என்று அந்தக் குழு ஒப்புக்கொண்டது. மொத்தம் 682.67 கோடி. ஆனால் மாநில நிதியில் ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த கையிருப்பில் பாதியைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். அப்படிச் சுமார் 406 கோடி கழிந்து, 115.49 கோடியும் 160.61 கோடியுமாகக் கைக்கு வந்தது 276 கோடி. அதுவும் 2024 ஏப்ரல் கடைசியில், தமிழ்நாடு அரசியல் சாசனத்தின் 131ஆவது கூறின் கீழ் உச்ச நீதிமன்றத்துக்குப் போன பிறகு. அதே மாதம் கர்நாடகமும் வறட்சி நிவாரணத்துக்காக நீதிமன்றப் படியேறித்தான் 18,000 கோடிக்கு மேல் கேட்டதில் சுமார் 3,450 கோடி பெற்றது. நீதிமன்றம் போனால்தான் கோப்பு நகரும் என்ற நிலைக்குக் கட்சி வேறுபாடு மட்டும் காரணம் இல்லை. மனு வந்த இத்தனை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் கட்டாயக் கெடு எதுவும் இல்லை என்பதும் காரணம்.

அந்த விலைப்பட்டியலைக் கிட்டத்தில் பார்த்தால்தான் பள்ளம் எங்கே விழுகிறது என்று புரியும். 2022 முதல் 2026 வரைக்கான பட்டியல்: உயிரிழப்புக்கு 4 லட்சம். சமவெளியில் முழுதும் இடிந்த வீட்டுக்கு 1,20,000. குறைந்தது 15 சதவீதம் சேதமான கான்கிரீட் வீட்டுக்கு 6,500. குடிசைக்கு 8,000. நீண்ட நேரம் தண்ணீரில் மூழ்கிய வீட்டுக்கு உடுப்புக்காக 2,500, பாத்திரம் பண்டத்துக்காக 2,500. கறவை மாடு, எருமைக்கு 37,500. ஆட்டுக்கு 4,000. கோழிக்கு 100. பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000, மானாவாரிக்கு 8,500. அதுவும் 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமானால்தான், அதிகபட்சம் இரண்டு ஹெக்டேருக்குத்தான்.

ஹெக்டேருக்கு 17,000 என்றால் ஏக்கருக்கு 6,900 ரூபாய்கூட வராது. நாற்று, நடவுக் கூலி, உரம் மூன்றையும் கூட்டிப் பார்க்கும் எந்தச் சம்பா விவசாயிக்கும் இது எங்கே நிற்கிறது என்று தெரியும். குளிர்சாதனப் பெட்டி, மோட்டார் சைக்கிள், தையல் மிஷின், மளிகைக் கடைச் சரக்கு, அம்பத்தூரில் தண்ணீர் ஏறிய லேத்: இவற்றுக்குப் பட்டியலில் வரியே கிடையாது. உள்துறையின் விதி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது: இது நிவாரணம், இழப்பீடு அல்ல.

மாநிலம் கொடுத்ததில் பெரும்பகுதி இந்தப் பட்டியலுக்கு வெளியே கொடுத்தது. ரேஷன் கடைகளில் டோக்கன் போட்டுக் குடும்பத்துக்கு 6,000 ரொக்கம். தூத்துக்குடியிலும் நெல்லையின் கடும் பாதிப்புப் பகுதிகளிலும் 6,000, தென்காசி, குமரியில் 1,000. உயிரிழப்புக்கு 5 லட்சம். முழுதும் சேதமான வல்லத்துக்கு 1 லட்சம், விசைப்படகுக்கு அதிகபட்சம் 7.5 லட்சம். தேசியப் பட்டியலிலோ புதுப் படகுக்கு 15,000, வலைக்கு 4,000. வித்தியாசம் முழுவதும் மாநிலக் கருவூலத்தின் தலையில் விழுந்தது. மக்களுக்கு உடனே ரொக்கம் கொடுத்தது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் பட்டியலில் இல்லாததைக் கொடுத்துவிட்டு அதையும் டெல்லி தரவில்லை என்று மேடையில் பேசினால் வாதம் பலவீனமாகிறது. பேச வேண்டியது பட்டியலைப் பற்றி. 15,000 ரூபாய்க்கு எந்தக் கடற்கரையில் படகு கிடைக்கும் என்று நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டிய கேள்வி அது.

"தேசியப் பேரிடராக அறிவிக்க வேண்டும்" என்ற கோரிக்கைக்கு ஒரு வார்த்தை. அப்படி அறிவிக்கச் சட்டத்தில் இடமே இல்லை, அறிவித்தால் தானாகப் பணம் வரும் ஏற்பாடும் இல்லை. வயநாடு நிலச்சரிவை 2024 டிசம்பரில் "கடுமையான தன்மையுள்ள பேரிடர்" என்று ஒப்புக்கொண்டார்கள். பிறகு மறுகட்டுமானத்துக்கு முதலில் வந்தது 529.50 கோடி கடன். ஐம்பது ஆண்டு வட்டியில்லாக் கடன்தான், ஆனாலும் கடன். கேரளாவுக்கு விமானப்படை மீட்புக்கான பழைய பாக்கியையும் சேர்த்து 132.62 கோடிக்குப் பில் வந்தது. முத்திரைக்குப் பின்னால் ஓடுவதை விட்டுவிட்டு விதியை மாற்றப் போராடுவது மேல்.

இனி பழி. 2023 டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. ஐந்து நாள் முன்பே எச்சரித்தோம் என்றது மத்திய தரப்பு. சிவப்பு எச்சரிக்கை 17ஆம் தேதிதான் வந்தது, இவ்வளவு பெய்யும் என்று சொல்லவில்லை என்றது மாநிலத் தரப்பு. இந்தச் சண்டையில் இரு தரப்பும் விட்டுவிட்ட விஷயம் ஒன்று உண்டு. வானிலைத் துறையின் அளவுகோலில் 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் "அதி கனமழை". அதற்கு மேல் படியே கிடையாது. 21 சென்டிமீட்டருக்கும் அதே சிவப்பு, 95க்கும் அதே சிவப்பு. கலெக்டர் அந்த நிறத்தைப் பார்த்து எந்தக் குளத்தின் கரை உடையும், எந்தத் தெருவைக் காலி செய்ய வேண்டும் என்று முடிவெடுக்க முடியாது. அதற்கு மழையளவைத் தண்ணீர் மட்டமாக மாற்றிச் சொல்லும் கணக்கு தாமிரபரணிக்கு வேண்டும். மத்திய முன்னறிவிப்பும் மாநில நீர்வளத்துறையும் சேர்ந்தால்தான் அது நடக்கும். இந்த இடத்தில் பழி பாதிப் பாதி.

ஆனால் எல்லா இடத்திலும் பாதிப் பாதி இல்லை. 2015 டிசம்பர் 1ஆம் தேதி செம்பரம்பாக்கத்திலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கை, ஏரியின் முழுக் கொள்ளளவான 3.645 டி.எம்.சி. வரை தேக்கியிருந்தால் திறப்பைச் சில மணி நேரமாவது குறைத்திருக்கலாம் என்று சொல்லி, அதை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றே எழுதியது. 289 உயிர்கள். அன்று தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது, அடையாற்றுக்கு மற்ற ஏரிகளின் உபரியும் வந்தது என்பது அரசுத் தரப்பின் நியாயம். அதையும் தள்ளிவிட முடியாது. கேள்வி வேறு: அந்த அறிக்கைக்குப் பிறகு, ஏரி இயக்கத்தில் பிழை என்று சொல்லப்பட்ட பகுதிக்காக சைதாப்பேட்டையிலோ கோட்டூர்புரத்திலோ ஒரு குடும்பத்துக்காவது கூடுதல் பணம் கிடைத்ததா? நிவாரணத் தொகை இயற்கைப் பேரிடருக்கு உரிய தொகையாகவே நின்றுவிட்டது. 2024 டிசம்பர் 2 விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் 1.68 லட்சம் கன அடி போனபோதும் அதே வாக்குவாதம், கட்சிகள் மட்டும் இடம் மாறின. ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு, நள்ளிரவில் திறந்தார்கள் என்றது எதிர்க்கட்சி.

இதைத் தீர்க்க விசாரணைக் கமிஷன் வேண்டாம். மணிவாரியாக நீர்வரத்து, நீர்மட்டம், வெளியேற்றம், மதகு திறக்க உத்தரவிட்டவரின் பதவி, எச்சரிக்கை எந்த ஊருக்கு எத்தனை மணிக்குப் போனது என்ற நான்கைந்து பத்திகள் கொண்ட அட்டவணை அணையின் பதிவேட்டில் ஏற்கெனவே எழுதப்படுகிறது. வெள்ளம் வடிந்து ஒரு மாதத்துக்குள் அதை வெளியிடக் கட்டாயப்படுத்தினால் போதும். அனுமதிக்கப்பட்ட இயக்க விதியை மீறித் திறந்திருந்தால், அல்லது முன்கூட்டித் திறக்க வேண்டியதைத் திறக்காமல் இருந்திருந்தால், ஆற்றோரக் குடும்பங்களுக்கு நிவாரணம் அல்ல, இழப்பீடு. அதை மாநில அரசு தன் பணத்திலிருந்து தர வேண்டும். டெல்லியிடம் கேட்கக் கூடாது.

ஏரிக்குள்ளும் சதுப்புக்குள்ளும் கட்டடம் கட்ட அனுமதித்த செலவும் அப்படியே. பள்ளிக்கரணைச் சதுப்பு ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்தது. அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் ஓரளவு உருப்படியாக மிஞ்சியது. அங்கே வீடு வாங்கியவர் கையில் திட்ட அனுமதி இருக்கிறது, பத்திரம் இருக்கிறது, வங்கி கடன் கொடுத்திருக்கிறது. அவரை "ஏன் ஏரியில் வீடு வாங்கினாய்" என்று திட்டுவது அநியாயம். லாபம் கட்டுநருக்கும் கட்டணம் அனுமதி கொடுத்த அமைப்புக்கும் போனது, தண்ணீர் மட்டும் வாங்கியவருக்கு. வெள்ளப் பகுதியில் புது அனுமதிக்கு வாங்கும் கட்டணத்தில் ஒரு பங்கை அந்தந்த வடிநிலத்தின் வெள்ள நிதியாக ஒதுக்கி வைப்பது நியாயமான தொடக்கம்.

காரணகர்த்தா யார் என்று தெரிந்தால் பணம் வாங்க முடியும் என்பதற்கு எண்ணூர் சாட்சி, ஓரளவுக்கு. மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலி சிபிசிஎல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து எண்ணெய் வந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்தில் சொன்னது. மாநில அரசு 8.68 கோடி அறிவித்தது: 2,301 மீனவர் குடும்பங்களுக்கு தலா 12,500, மேலும் 6,700 குடும்பங்களுக்கு 7,500, 787 படகுகளுக்கு 10,000. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது நம் நாட்டில் நிலைபெற்ற சட்டக் கொள்கை. முகத்துவாரத்தில் இறால் திரும்பிவர ஆகும் காலத்துக்கு 12,500 எந்த மூலைக்கு என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. என்றாலும் வெறும் மழையாக இருந்திருந்தால் இந்தத் தொகையும் கிடைத்திருக்காது.

வானம் கொட்டியதற்கு? எந்த வடிகாலும் தாங்காத மழைக்கான செலவை நாடு முழுதும் பகிர்ந்துகொள்வதுதான் சரி. செஸ், சர்சார்ஜ் வசூல் மாநிலங்களோடு பங்கிடப்படாமல் மத்திய அரசிடமே தங்குகிறது. புகையிலைப் பொருட்கள் மீது தேசியப் பேரிடர் தற்செயல் வரி என்றே ஒரு வரி இருக்கிறது. மாநிலமும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளா ஜிஎஸ்டி மன்றத்தின் ஒப்புதலோடு 2019 ஆகஸ்ட் முதல் 2021 ஜூலை வரை 1 சதவீத வெள்ள செஸ் வசூலித்தது. தமிழ்நாட்டில் எந்தக் கட்சியும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. வாக்கு போய்விடும் என்ற பயம்.

பாதிக்கப்பட்டவர் தன் அளவில் செய்ய வேண்டியவையும் சில உண்டு. விஏஓ கணக்கெடுப்புக்கு வருவதற்குள் வீட்டைக் கழுவிவிடாதீர்கள். கழுவியே ஆக வேண்டும் என்றால் சுவரில் தண்ணீர்க் கோடு தெரியும்படி, பக்கத்தில் ஆள் நின்று, தேதி பதியும் படம் எடுங்கள். வீட்டுச் சேதப் பணத்துக்கு அது அனுமதி பெற்ற கட்டுமானம் என்று அதிகாரி சான்று தர வேண்டும் என்கிறது விதி. புறம்போக்கில் குடியிருப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விடுபடுகிறார்கள். மின் இணைப்பு ரசீதும் வீட்டுவரி ரசீதும் கையில் இருந்தால் வாதாட இடம் கிடைக்கும். மாடு ஆடு செத்தால் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரின் சான்று. காது வில்லையோடு படம். ரேஷன் கார்டு வேறு ஊர் முகவரியில் இருக்கும் வாடகைதாரர் ஆதார், வாடகை ஒப்பந்தம், எரிவாயு ரசீதோடு தாலுகா அலுவலகத்தில் தனி மனு எழுதிக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். வாய்வார்த்தையை நம்பித் திரும்பி வரக் கூடாது. தண்ணீர் ஏறிய வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து கனெக்டிங் ராட் வளைந்தால், இன்ஜின் பாதுகாப்புக்குத் தனிப் பிரீமியம் கட்டாத பாலிசியில் அதைத் தள்ளிவிடுவார்கள். இழுத்துக்கொண்டு போங்கள்.

பயிர்க் காப்பீட்டில் டெல்டாவுக்கு ஒரு பெரிய அநியாயம் நடந்தது. ஆலங்கட்டி, நிலச்சரிவு போன்ற உள்ளூர்ச் சேதத்துக்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் சொன்னால் தனி வயலாகவே கணக்கெடுப்பார்கள். நீரில் மூழ்கும் நெல்லை 2018இல் இந்த வகையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதனால் பக்கத்து வயல் தப்பி உங்கள் வயல் மட்டும் மூழ்கினால், கிராமச் சராசரி விளைச்சல் குறையவில்லை என்று கைவிரித்தார்கள். 2026 காரீப் பருவத்திலிருந்து நெல் மூழ்குவதை மறுபடி சேர்ப்பதாக அறிவித்திருக்கிறார்கள். விவசாய சங்கங்கள் விடாமல் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டிய மாற்றம் இது.

இரண்டு அரசுகளும் உண்மையில் உட்கார்ந்து பேச வேண்டிய இடம் ஒன்று காலியாகக் கிடக்கிறது. 15ஆவது நிதிக்குழு நிவாரணத்துக்கு 40 சதவீதம் ஒதுக்கியதோடு, மீட்சிக்கும் மறுகட்டுமானத்துக்கும் 30 சதவீதம், தணிப்புக்கு, அதாவது சேதத்தை முன்கூட்டியே குறைக்கும் பணிகளுக்கு, 20 சதவீதம் என்று தனித்தனி அறை வகுத்தது. தணிப்பு அறையிலிருந்து சென்னை வடிநிலத்துக்கு 2023 டிசம்பரில் 561.29 கோடித் திட்டம் வந்தது, மத்திய உதவி 500 கோடி. மீட்சி அறையிலிருந்து இமாச்சலத்தின் 2023 மழைச்சேதத்துக்கு 2,006.40 கோடித் திட்டமும், உத்தராகண்டின் ஜோஷிமட்டில் நிலம் உள்வாங்கிய சேதத்துக்கு 1,658.17 கோடித் திட்டமும் ஒப்புதல் பெற்றன. இமாச்சலத்துக்கு 2025 ஜூன் வரை காக்க வேண்டியிருந்தது. அந்தப் பணத்துக்கு நிவாரணப் பட்டியல் கிடையாது, சேதத்துக்குப் பிந்தைய தேவை மதிப்பீடு என்ற ஆய்வறிக்கைதான் அடிப்படை. துறைவாரியாக, பாலம் பாலமாக, பழைய நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவு, முன்பைவிட உறுதியாகக் கட்ட ஆகும் செலவு என்று பிரித்து எழுத வேண்டும். தாமிரபரணிப் படுகையின் உடைந்த குளக்கரைகளுக்கும் தடுப்பணைகளுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் அப்படி ஒரு அறிக்கையைப் பொதுப்பணிப் பொறியாளர்களும் வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து தயாரித்து, கேட்கும் தொகையில் நிவாரணம் எவ்வளவு, மறுகட்டுமானம் எவ்வளவு என்று கோடு போட்டுக் காட்டினால், டெல்லி விலைப்பட்டியலைத் தூக்கிக் காட்டித் தப்பிக்க முடியாது.